இத்தா அறையில் இரண்டாம் புத்தகம்

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்தே கச்சான் காற்று. மொட்டைமாடியில் காயப்போட்ட வெள்ளைத் துணி இரண்டும் பக்கத்து வீட்டு முருங்கையில். எடுத்து, மறுபடி அலசி, மறுபடி காயப்போட்டு, பள்ளிக்கூடத்துக்குத் தாமதம். பல்லிடுக்கில் இப்போதும் மணல்.

சாயங்காலம் புத்தகம் வந்தது. கொரியர்காரர் வழக்கம்போலத் தெருவைக் குழப்பிக்கொண்டு போனில் கத்தினார். "யக்கா, செங்கல்லு மாதிரி கனக்குது, உள்ள என்னக்கா?" புத்தகம் என்றேன். "ஒரே புத்தகமா!" மூன்றில் நடுப் புத்தகம் என்று அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

மேலே கொண்டுபோய் அக்காவின், எங்கள் பேச்சில் லாத்தாவின், கட்டிலில் வைத்தேன். ரஹ்மத் லாத்தா அட்டையைப் பார்த்தாள். கறுப்புக் கோட்டை, கறுப்புத் தண்ணீர், ஒரு ஓரத்தில் சின்னதாகத் தோணி.

"தோணிக்காரன் இதுலயும் வாரானா?"

வருகிறான் என்றேன். அட்டையில் தோணி இருக்கிறதே.

இன்று அவள் பேசியது இது ஒன்றுதான்.

ஜூலை 15, செவ்வாய்

லாத்தாவின் இத்தாவில், விதவை ஒதுங்கியிருக்க வேண்டிய நாட்களில், பாதி போயிருக்கலாம். நாலு மாதம் பத்து நாள் என்பது சொல்லும்போது சின்னக் கணக்கு. மாடி அறை, வெள்ளைப் புடவை, வாசல் தாண்டக் கூடாது, அன்னிய ஆண் முகம் கூடாது. கழுத்தில் கல்யாணக் கருகமணி கிடந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிகிறது.

முதல் புத்தகம் தற்செயல். அவளிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த நாட்கள். கையில் மதுரையில் படிக்கும்போது வாங்கின பழைய இங்கிலீஷ் கதை. மூடுபனி ஒரு நாட்டைத் தெருத் தெருவாகத் தின்கிறது, பனி தின்ற தெருவில் இருந்தவர்களின் பெயர் யாருக்கும் ஞாபகம் இருக்காது, இப்படி ஒன்று. சும்மா தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள், "அப்புறம்?" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இரண்டாம் புத்தகத்தை வரவழைத்தேன்.

இன்று ஆரம்பித்தோம். ஒரு வரி கண்ணால் இங்கிலீஷில், வாயால் தமிழில். பெயர்கள் அவளுக்குப் பிடிக்கவில்லை. "வாயில நொழைய மாட்டேங்குது." ஆகவே முன்பு போலவே: தோணிக்காரன். படம் வரையிறவ (நாட்டின் வரைபடம் போடுகிற பெண்). ஓடிப்போன சிப்பாய். கோட்டையில் இருக்கிற ராணி, சண்டாளி.

பனிக்குள்ளிருந்து வருகிறவற்றுக்குத் தமிழில் என்ன சொல்ல? நிழலுரு என்றேன்.

"ஜின்னுன்னு சொல்லு."

"ஜின் மாதிரி."

"அப்ப ஆயத்துல் குர்ஸி ஓதுனா ஓடிருமே."

"அவங்களுக்கு அது தெரியாதே லாத்தா."

"பாவம்."

கேட்டுக்கொண்டே ஒரு இடியாப்பத்தில் பாதி உள்ளே போயிருந்தது. அவளுக்கே தெரியாமல். போன வாரம் டாக்டரம்மா வந்து டிரிப்ஸ் ஏற்றிவிட்டு, "இப்படியே சாப்பிடாம கெடந்தா நான் அட்மிட்டுதான் பண்ணணும்" என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து உம்மாவுக்கு உயிரே தட்டில்தான். "ஓத வேண்டிய நேரத்துல பேய்க்கதை படிக்கிறாளுக" என்று நேற்றுவரை முனகியவள், இன்று கதவோரம் நின்று தட்டைப் பார்த்தாள். பிறகு என் காதில்: "இன்னும் ரெண்டு பக்கம் படி புள்ள. வட்டிலப்பம் இருக்கு."

ஜூலை 16, புதன்

கரண்ட் இல்லை. சின்னம்மா முறை சாச்சி வந்தாள், கூட இரண்டு பெண்கள்.

சாச்சி சொன்னவை:
– "மெலிஞ்சுட்டா."
– "சின்னப் பொண்ணு, காலம் கெடக்கு."
– "மையத்தப் பாக்காததும் ஒரு வகைக்கு நல்லதுதான். பாத்திருந்தா கண்ணுலயே நிக்கும்."

இத்தனையும் ரஹ்மத்தின் முன்னாலேயே, அவள் ஏதோ மேஜை நாற்காலி போல. அவள் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. இதுவரை ஒரு நாளும் அழவில்லை. அதைத்தான் ஊர் "சபூரு உள்ள புள்ள" என்று மெச்சுகிறது. பொறுமையாம்.

லாத்தாவின் மாப்பிள்ளை ஜாபர் மச்சான் சவூதியில், தம்மாமில், படுத்தவர் படுத்தபடியே போனார். அவளுக்கு இரண்டு நாள் சொல்லவில்லை. ஐசியூவில் இருக்கிறார், சீரியஸ், துஆ செய் என்றோம். பக்குவமாகச் சொல்வது என்று இதற்குப் பெயர். எல்லா வீட்டிலும் இப்படித்தான். அந்த இரண்டு நாளும் அவள் தொழுகைப் பாயைவிட்டு எழவில்லை. குணமாகணும் என்று கையேந்திக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஆமீன் சொன்னது நான். மௌத்தானவருக்குக் குணம் கேட்டு ஆமீன்.

பிறகு அங்கேயே அடக்கம் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவளும் எதையும் கேட்கவில்லை.

இரவல் வெளிச்சத்தில், ஜன்னலோரம், கொஞ்சம் படித்தேன். இந்த மாதிரிக் கதையில் கெடுதலுக்கு ஒரு முகவரி இருக்கிறது. கோட்டை, ராணி, பனி. நடந்து போய்ச் சேர்ந்துவிடலாம் என்று ஒரு திசையாவது. நமக்கு, தம்மாமில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்த ஒரு அறை. அவ்வளவுதான். யாரைக் கொல்ல எங்கே நடப்பது.

ஜூலை 17, வியாழன்

மதியம் ஸ்டாஃப் ரூமில் முன்கூட்டியே படித்துவைக்கலாம் என்று எடுத்தேன். சாயங்காலம் வாய் தடுமாறாமல் இருக்க.

ப. 42.

தோணிக்காரன் செத்துப்போகிறான்.

கறுப்பு ஆற்றில், மற்ற இரண்டு பேரும் கரையேறும் வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நிற்கிறான். அவர்கள் ஏறியதும் திரும்பிப் பார்த்தால் கயிறு மட்டும், பிறகு செத்தான் என்று ஒரு வரி. மொத்தமே நாலு வரி. கடைசிப் பேச்சு கிடையாது. அடுத்த அத்தியாயம் அடுப்பு மூட்டுவதில் ஆரம்பிக்கிறது.

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எதிரே தமிழ் டீச்சர் டிஃபன் பாக்ஸை மூடிக்கொண்டே: "என்ன டீச்சர், எட்டாம் வகுப்புப் பேப்பரா? எனக்கும் அப்படித்தான் அழுகை வந்துச்சு."

வீட்டுக்கு வரும் வழி முழுக்க ஒரே யோசனை. இன்று போய்ச் சேரும் பக்கம் அதுதான்.

பின்னேரம்

செய்துவிட்டேன்.

அவள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், மடியில் தட்டு, சோறும் மீன் ஆணமும், கை பிசைந்துகொண்டிருந்தது. நான் ஆற்றுக்கு வந்தேன். கயிற்றுக்கு வந்தேன். அவள் கை நின்றது.

"அவன்?"

"அவனும் நீந்தி வந்துட்டான்."

கை மறுபடி பிசைந்தது. முழுத் தட்டும் காலி. உம்மா தட்டை வாங்கும்போது என்னைப் பார்த்த பார்வையில், நான் ஏதோ மருந்து கண்டுபிடித்துவிட்ட மாதிரி.

ஜூலை 19, சனி

செத்தவனை நடத்திக் கூட்டிக்கொண்டு போவது லேசில்லை.

இனி தோ.கா. என்றே எழுதுகிறேன், கை வலிக்கிறது. பிரச்சனைகள்:

படம் வரையிறவ அவனை நினைத்து அழுகிறாள். நான்: "அடுப்புப் புகை கண்ணுல பட்டுருச்சு."
சிப்பாய் கோபத்தில் கயிற்றை நெருப்பில் எறிகிறான். நான்: "நனைஞ்சு போச்சுன்னு."
இரண்டு பேர் படுத்த இடத்தில் மூன்று பேருக்கு இடம் போட வேண்டும்.
மூன்று பேருக்கும் பேச்சு வேண்டும்.

நேற்று தோ.கா. ஒன்றும் பேசாமல் நடந்தான். "ஏன் பேச மாட்டேங்குறான்?" என்று ரஹ்மத். சளி பிடித்திருக்கிறது என்றேன். ஆற்றில் நின்றவனுக்குச் சளி பிடிக்காதா.

இன்று அவனைப் பேசவைத்தேன். வந்ததைச் சொன்னேன். முதலில் தயக்கம், பிறகு தானாகவே வந்தது. வெயிலைத் திட்டினான், சிப்பாயின் குறட்டையைக் கிண்டல் செய்தான். புத்தகத்தில் அவர்கள் இரண்டு பேரும் வாயே திறக்காமல் ஒரு பாலைவனத்தைக் கடக்கிறார்கள். என் வாயில் அது ஒரு பஸ் பயணம் போல ஆகிவிட்டது.

ரஹ்மத் இரண்டு வேளை சாப்பிட்டாள்.

ஜூலை 20, ஞாயிறு

உண்மையான புத்தகத்தை இன்று தனியாக மேற்கொண்டு படித்தேன். எல்லாமே கெட்டுக்கொண்டு போகிறது. படம் வரையிறவளுக்குத் தெருக்கள் மறக்க ஆரம்பித்துவிட்டன. அவள் போட்ட படமே அவளுக்குப் புரியவில்லை. நடுப் புத்தகத்தின் வேலையே இதுதான் போல. முதலில் கட்டியதையெல்லாம் எடுத்துக்கொள்வது. கடைசியில் ஏதாவது திருப்பித் தருவார்கள் என்ற நம்பிக்கையில் நாமும் கொடுத்துக்கொண்டே இருப்போம்.

எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. இந்த வீட்டில் காலையில் கண் விழித்தவுடன், ஒரு நொடி எல்லாம் சரியாக இருக்கும். பிறகு மாடியில் அவள் இருமுவது கேட்கும்.

சந்தை: முருங்கைக்காய், பூண்டு, உம்மாவுக்கு மாத்திரை. பஸ் ஸ்டாண்டில் ஏர்வாடி தர்காவுக்குப் போகிற கூட்டம். ஒரு அம்மா தன் மகனிடம், "ஏலே, அழுதா ஜன்னல் சீட்டு கெடைக்காது." எங்கே அழுதால் கிடைக்கும் என்று கேட்கத் தோன்றியது.

ஜூலை 21, திங்கள்

ரஹ்மத் சிரித்தாள்!

முற்றுகையில் பட்டினி கிடக்கிற ஒரு முகாம். கஞ்சி ஊற்றுகிறார்கள். தோ.கா. ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்புக் கொறச்சல்தான். பரவால்ல, கடல் பக்கத்துலதான கெடக்கு, போயி ஒரு முக்கு முக்கிக்கிருவோம்" என்றான்.

சத்தம் போட்டுச் சிரித்தாள். உம்மா கையில் கரண்டியோடு மாடிப்படி ஏறி வந்துவிட்டாள். ஏதோ விபரீதம் என்று நினைத்து. வந்து நின்று, சிரிப்பைப் பார்த்து, கரண்டியிலிருந்து ஆணம் படியில் சொட்டச் சொட்ட நின்றாள்.

அதற்கப்புறம் ரஹ்மத் சிரிப்பை நிறுத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போதும் இன்னக்கி" என்றாள்.

ஜூலை 22, செவ்வாய்

நான் புத்தகத்தைத் திறக்கும் முன்னாலேயே கேட்டாள்.

"தோணிக்காரன் எப்படி செத்தான்?"

"சாகலையே. நேத்துகூட—"

"நேத்துப் பேசுனது இவரு."

எனக்குப் புரியவில்லை. உண்மையாகவே புரியவில்லை.

"உப்புக் கொறச்சல், கடல் பக்கத்துலதான கெடக்கு. மாப்பிள்ள விருந்துல உம்மாட்ட இவரு சொன்னது. நீ பக்கத்துலதான் நின்ன. வெயிலத் திட்டுனது இவரு. 'சட்டையக் கழத்துனா வெயிலு வெக்கப்பட்டுப் போயிரும்'னது இவரு. வெள்ளக்காரன் எழுதுன கதையில இவரு எங்க புள்ள வந்தாரு?"

தானாக வந்தது என்று நினைத்தேனே. மச்சானிடமிருந்துதான் வந்தது என்று யோசிக்கவே இல்லை.

"அவன் செத்து ரொம்ப நாளாச்சு. ஆத்துலயேதான. கயிறு மட்டும் இருந்துச்சுன்னு நீ ஒரு நொடி நிறுத்துன. அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்." குரல் உயரவே இல்லை. "நீயும் ஐசியூவுல வச்சிருக்கியா நஸீ அவன?"

தட்டைத் தள்ளிவைத்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

ஜூலை 23, புதன்

சாப்பிடவில்லை. தண்ணீர் மட்டும்.

உம்மா: "என்னத்தடி படிச்சுத் தொலச்ச? நல்லாத்தான இருந்தா?"

பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் தேதி தப்பாக எழுதி, பிள்ளைகள் சொல்லித் திருத்தினேன்.

அவள் சாப்பிடட்டும் என்றுதான் செய்தேன். அன்று இரண்டு நாள் ஐசியூ என்றதும்கூட அவள் தாங்கட்டும் என்றுதான். இந்த வீட்டில் நல்லதை நினைத்தே எல்லாரும் அவளைத் தனியாக விட்டுவிட்டோம். அவள் ஒரு கதையை நம்பி எழுந்து உட்கார்ந்தாள், அதையும் கெடுத்தாயிற்று.

காற்று நிற்கவில்லை. கடல் பக்கம் போகவில்லை. போய் என்ன.

ஜூலை 24, வியாழன்

பள்ளிக்கூடம் விட்டு வந்து அறைக்குள் போகப் பயந்து கீழேயே நின்றேன். மேலேயிருந்து கூப்பிட்டாள்.

"அந்தப் பக்கத்தப் படி. இருக்கறது இருக்கற மாதிரி."

42 எடுத்தேன். மெதுவாக ஒவ்வொரு சொல்லாக. அவன் கயிற்றைப் பிடித்திருந்தான். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. அவர்கள் கரையேறினார்கள். அவன் போயிட்டான்.

"போயிட்டான்னா?"

பக்கத்தின் ஓரத்தை மடித்தேன், நிமிர்த்தினேன்.

"போயிட்டான்னா வந்துருவானா? என்ன எழுதியிருக்கு அங்கன?"

"செத்தான்னு."

"அப்ப அப்படிப் படி."

"தோணிக்காரன் செத்தான்."

எங்கள் வீட்டில் யாரும் இதுவரை மச்சானைப் பற்றி அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. தவறிட்டாரு. அல்லாஹ் எடுத்துக்கிட்டான். நம்மள விட்டுட்டாரு. வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு போர்வை கொண்டுவந்து போர்த்திவிட்டுப் போனார்கள்.

"அப்புறம்? தேடலையா?"

"தேடுன மாதிரி இல்ல."

"மையத்தத் தூக்குனது யாரு? குளிப்பாட்டுனது?"

"எழுதல லாத்தா."

"எழுதலையா, நீ படிக்கலையா?"

புத்தகத்தை அவள் கையில் கொடுத்தேன். பிளஸ் டூ வரை படித்தவள். வரிக்கு அடியில் விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, உதடு அசைய, அந்த நாலு வரியையும் தானே படித்தாள். அடுத்த பக்கத்தில் அடுப்பு மூட்டுவதையும் படித்தாள். திருப்பித் தந்தாள்.

"மூணாவதுல இருக்குமா?"

"மூணாவது இன்னும் எழுதலையாம். வருஷக்கணக்கா எழுதிக்கிட்டே இருக்காராம்."

எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். பிறகு: "செல்வம் நம்பர் இருக்கா ஒங்கிட்ட?"

செல்வம், சாயல்குடிக்காரர். தம்மாமில் மச்சானோடு ஒரே அறை. அந்த நாட்களில் எங்களுக்குச் சேதி சொன்னவர். அதற்கப்புறம் அவர் பேசவில்லை, நாங்களும்.

"இத்தாவுல அன்னிய ஆம்பள கொரலு..." என்றேன். உம்மாவின் பேச்சு என் வாயில்.

"நான் பேசல. நீ பேசு. நான் கேக்குறேன்."

ஜூலை 25, வெள்ளி

அங்கே லீவு நாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பெயர் வைக்க உம்மா போன சமயம்.

போட்டேன். ஸ்பீக்கரில். லாத்தா கேட்டுக்கொண்டிருக்கிறாள், பேசமாட்டாள் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி ஒரு பொய் முடியாது என்னால்.

"ஒங்க போனு வரக் கூடாதுன்னுதான் தங்கச்சி இத்தன நாளும் நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார் செல்வம். "வராம போயிருச்சேன்னும் இருந்துச்சு."

நான் கேட்டேன், எப்படி இருந்தார் என்று.

"தூங்குறாப்லதான் இருந்தாரு. மொகம் அமைதியா..." நின்றது. பின்னால் ஏதோ டிவி. "தங்கச்சி, அப்படித்தான் சொல்லணும்னு ஊர்லருந்து சொன்னாக. வீட்ல கேட்டா இப்படிச் சொல்லு தம்பின்னு."

ரஹ்மத் முந்தானையை வாயில் அழுத்தியிருந்தாள். எடுத்தாள்.

"நெசத்தச் சொல்லுங்க."

இத்தாவில் இருக்கிறவளின் குரல். அந்தப் பக்கம் டிவியை யாரோ அணைத்தார்கள்.

சொன்னார். விடியுமுன் டூட்டிக்குக் கிளம்பும்போது மச்சான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். குளிருதோ என்று செல்வம் ஃபேனைக் குறைத்துவிட்டுப் போனார். மத்தியானம் வந்தபோதும் அதே சுவர், அதே படுக்கை. திருப்பிப் போட்டார்.

"வாயி தெறந்திருந்துச்சு. கண்ணும். நான் மூடுனேன், மூட மாட்டேன்னுருச்சு, திரும்ப மூடுனேன். ஆளுக வர்றதுக்குள்ள என் துண்டக் கிழிச்சு நாடிக்கட்டு கட்டுனேன். கால் பெருவெரல ரெண்டையும் சேத்துக் கட்டுனேன். எங்க அய்யாவுக்கு ஊர்ல அப்படித்தான் செஞ்சாக, நானும் செஞ்சேன். ஒங்கள்ல உண்டான்னு தெரியல."

"உண்டு" என்றாள் ரஹ்மத்.

"இன்னொண்ணு." குரல் உடைந்துவிட்டது. "கைப் பழக்கத்துல நெத்தியில துண்ணூறு பூசிட்டேன் தங்கச்சி. உத்தரகோசமங்கைத் துண்ணூறு, எங்கம்மா குடுத்துவிட்டது, தலமாட்டுல இருக்கும். பூசி முடிச்சப்பறந்தான் இவரு... என்ன சொல்றேன்னே தெரியல. பாயாச்சேன்னு நெனப்பு வந்துச்சு. ஈரத் துணியக் கொண்டு தொடச்சேன். முழுசாப் போச்சான்னு இன்னக்கி வரைக்கும் தெரியல. அதனாலதான் போனே பண்ணல."

ரஹ்மத்தின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்தேன்.

"அடக்கத்துக்கு?" என்று நான்தான் கேட்டேன்.

"நான் காம்பவுண்டுக்கு வெளிய நின்னேன். கேரளாக்காரவுக ரெண்டு பேரு உள்ள போனாக. கேட்டு வழியாப் பாத்தேன். மண்ணு மேடு வரிசையா இருந்துச்சு, எல்லாம் ஒண்ணு போல. பேரு கெடையாது, கல்லு மட்டும். எதுன்னு என்னால காமிக்க முடியாது தங்கச்சி. குளிப்பாட்டுனது ஆஸ்பத்திரியிலயா, யாருன்னு எனக்குத் தெரியல. கேக்கவும் பாஷ இல்ல."

ரஹ்மத் போனை நோக்கிக் குனிந்தாள். "அண்ணே. தொட்டீகள்ல. நீங்க தொட்டீகள்ல."

அழுகைதான் கேட்டது, யாரோ பெரிய ஆளின் அழுகை, ஒழுங்கில்லாமல். அப்புறம் இரண்டு பேருடையதும்.

ஜூலை 26, சனி

நேற்று மாலையிலிருந்து அழுகிறாள். நிறுத்தத் தெரியாத அழுகை. தலையணையைக் கடித்துக்கொண்டு, பெயரைச் சொல்லி. தெருவுக்கே கேட்கிறது. சபூரு போச்சு என்று இனி பேசுவார்கள்.

நான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுதால் பாரம் இறங்கும் என்று எங்கோ படித்திருக்கிறேன், பல இடங்களில் படித்திருக்கிறேன். ஒன்றும் இறங்கியதாகத் தெரியவில்லை. இப்போது அவளுக்கு அவர் நிஜமாகவே இல்லை, அவ்வளவுதான் ஆகியிருக்கிறது. அதை நான்தான் படித்துக் காட்டினேன்.

டாக்டரம்மாவுக்கு உம்மா போன். நாளைக்குப் பார்க்கலாமாம்.

ஜூலை 27, ஞாயிறு

டாக்டரம்மா வந்தார். டிரிப்ஸ். நாளை மறுநாளும் இப்படியே என்றால் ராமநாதபுரத்துக்குக் கூட்டிவரச் சொன்னார், இத்தாவாவது ஒண்ணாவது என்று கொஞ்சம் கோபமாகவே.

அவர் போனதும் உம்மா என்னைப் பிடித்தாள். மாடியிலேயே, ரஹ்மத் முன்னாலேயே. பக்கத்து வீட்டில் யாரோ ஆம்பளைக் குரல் கேட்டதாகச் சொல்லிவிட்டார்கள். "யாருகிட்டடி பேசுனீங்க? என்ன சொன்னான்? எம் மருமவன என்ன பண்ணுனாகளாம்? குளிப்பாட்டுனாகளா இல்லையா, அதாச்சும் சொல்லுங்கடி!"

உம்மாவும் அதையேதான் இத்தனை நாளும் கேட்காமல் வைத்திருந்திருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை. நான் அவளைத் தட்டோடு மட்டுமே பார்த்திருக்கிறேன்.

நான் வாயெடுக்கும் முன் ரஹ்மத் பேசினாள். கையில் ஊசி, தொண்டை கட்டியிருந்தது.

"செல்வம்ணே சொன்னாக உம்மா. நல்லபடியாத்தான் எல்லாம் நடந்துச்சாம். கேரளாக்காரவுக ரெண்டு பேரு, ஒருத்தரு ஓதிப்படிச்ச ஆலிமாம், அவுகதான் குளிப்பாட்டுனாக. பச்சத் தண்ணியில இல்ல, வெதுவெதுன்னு வச்சு. அத்தரு போட்டாகளாம். கஃபன் துணி புதுசு. ஜும்ஆ கூட்டம் அப்படியே நின்னு தொழுதாகளாம், நம்மூர்ல இருந்திருந்தாக்கூட அத்தன பேரு வந்திருக்க மாட்டாக. மொகத்துல ஒரு வெளிச்சம் இருந்துச்சுன்னாக."

"தொழுத நெத்தியிலயா?" என்றாள் உம்மா.

"நெத்தியிலதான்."

உம்மா கட்டிலின் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று திரும்பத் திரும்ப. ரஹ்மத் என் பக்கம் பார்க்கவே இல்லை. அவ்வளவு சரளமாக, ஒரு தடுமாற்றம் இல்லாமல்.

கொஞ்ச நேரம் கழித்து ரஹ்மத், தன் தட்டை எடுத்து உம்மாவின் மடியில் வைத்தாள். ஆறிப்போன சோறு. உம்மா ஒரு கவளம் எடுத்தாள், இன்னொன்று எடுத்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே முழுவதும் சாப்பிட்டாள்.

ரஹ்மத் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சாப்பிடவில்லை.